லேபல் இல்லாத பேணி

கதிர்காமநாதன் வீட்டு அடுப்பில் மச்சம் ஏறிப் பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. மூத்த மகன் ஏஜென்சிக்காரனை நம்பி விமானம் ஏறிய அன்று, வெள்ளவத்தை அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், சுவாமிப் படத்துக்கு முன் நின்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பிள்ளை போய்ச் சேரும்வரை இந்த வீட்டுக்குள் மீனோ இறைச்சியோ முட்டையோ வராது. பிள்ளை ரொறன்ரோ போய்ச் சேர்ந்தான். அகதி வழக்கு இழுபட்டது. விரதமும் வழக்கோடு சேர்ந்து நீண்டது. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கந்தோரில் வேலைசெய்து தலைமை எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவர். எழுதிய வரியையே வெட்டாதவர், சொன்ன சொல்லை வெட்டுவாரா? வீட்டில் ஒருவரும் கேட்கவுமில்லை.

இப்படிப்பட்ட வீட்டின் சமையலறையில், அரிசி வாளிக்குப் பின்னால், பெரிய கறுப்புத் தகரப் பேணி ஒன்று இருந்தது. அதன்மேல் சட்டையில்லாத ஒரு வெள்ளைக்காரன் புயங்களை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"ஜெகதீஸ், இது ஆர்ரை?"

மனைவி ஜெகதீஸ்வரி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "பிள்ளையின்ரை. புரோட்டீன் மாவாம். கூடப் படிக்கிற பஹ்மியாவின்ரை தமையன் டுபாயிலையிருந்து கொண்டந்து குடுத்தது."

பதினாறு வயது மகள் அருந்ததி பள்ளிக்கூடத்துக்காகப் போட்டிகளில் வட்டத் தட்டெறிகிறவள். இருபத்தொன்பது மீற்றர் எறிந்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்திலேயே பாரம் தூக்கிப் பயிற்சி செய்தாள். தட்டெறிவதை அவர் பொறுத்துக்கொண்டார், பத்திரிகையில் குடும்பப் பெயர் வந்தது. பாரம் தூக்குவதை ஒருவருக்கும் சொல்லாமல் விட்டார். பேணியை எதிர்வீட்டு நாகேந்திரம் கண்டுவிட்டால்? ஏற்கனவே அந்த மனுசன் படியில் மறித்து, "பெட்டையின்ரை கை வரவர மூட்டை தூக்கிற நாட்டாமை கை மாதிரி வருது ஐசே, நாளைக்கு ஒருத்தன் வந்து பாக்கிறதில்லையோ" என்று கேட்டிருந்தார். இப்படியான மாவைப் பற்றியும் நாகேந்திரம் முன்பே சொல்லியிருந்தார். "கிட்னி போகும். பெட்டையளுக்கு மீசை முளைக்கும்."

அன்றைக்கே கதிர்காமநாதன் பேணியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, லேபலை ஒரு கீறலும் இல்லாமல் உரித்தெடுத்துக் குப்பையில் போட்டார். வெள்ளைக்காரன் போனான். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை பொரளைக்குப் போறம். டொக்டர் ஐறீனிட்டை இதைக் காட்டுவம். கூடாது எண்டு அவ சொன்னா, மாவும் இல்லை, தட்டும் இல்லை."

"இன்னும் மூண்டு கிழமையிலை ஸ்போர்ட்ஸ் மீற் அப்பா."

"அதுதான் சொல்லிப்போட்டன்."

அருந்ததி தலையசைத்தாள். அந்த வீட்டுப் பிள்ளை அவள்.

கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளுக்கு மேல் இயக்கத்தின் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போன மாதம் அது. சந்திக்குச் சந்தி பொலிஸும் ஆமியும் மறித்தார்கள். சனிக்கிழமை திம்பிரிகஸ்யாயவில் அவர்களுடைய ஓட்டோவை ஓரங்கட்டச் சொன்னார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு என்று எல்லாவற்றையும் கேட்க முதலே கதிர்காமநாதன் நீட்டினார். பெண் பொலிஸ்காரி ஒருத்தி அருந்ததியின் மடியிலிருந்த பையைத் திறந்தாள்.

"மொகக்த மே?"

கறுப்புப் பேணி. மூடியைத் திறந்தால் வெள்ளைத் தூள். இது என்ன என்று அவள் சிங்களத்தில் கேட்டதும் மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்த இரண்டு ஆமிக்காரர் எழும்பி வந்தார்கள்.

கதிர்காமநாதனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அது சத்து மா, விளையாடுகிற பிள்ளைகள் குடிப்பது என்று நல்ல சிங்களத்தில் சொன்னார்.

"அப்படியென்றால் லேபல் எங்கே?" என்று அவள் கேட்டாள்.

"உரித்துவிட்டேன்."

"யார்?"

"நான்தான்."

"ஏன்?"

முப்பத்து நான்கு வருடச் சேவையில் எந்தக் கணக்காய்வுக்காரனுக்கும் பதில் சொல்லத் தயங்காத மனிதர் வாயைத் திறந்து மூடினார். உடுப்பில்லாத ஆம்பிளைப் படம், அயலவன் கண்டால் மரியாதையில்லை என்று துவக்கு வைத்திருக்கிற ஆமிப் பையனிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் எவன் நம்புவான்? ஒருத்தன் வோக்கிரோக்கியில் கதைக்கத் தொடங்கினான். எதிரே நின்ற ஜீப்பின் பின்கதவு திறந்தே கிடந்தது.

பொலிஸ்காரி தண்ணீர்ப் போத்தலை எடுத்து அருந்ததியிடம் நீட்டினாள். "பொன்ன," என்றாள். குடித்துக் காட்டு.

அருந்ததி கை நீட்டினாள். அதற்குள் கதிர்காமநாதன் போத்தலைப் பறித்துவிட்டார். கிட்னி போகும் என்று நாகேந்திரம் சொன்னது அவர் காதுக்குள் அப்படியே இருந்தது. போவதென்றால் ஐம்பத்தொன்பது வயதுக் கிட்னி போகட்டும்.

"நான் குடிக்கிறன்."

பேணிக்குள் கிடந்த கரண்டியால் அள்ளி அள்ளிப் போத்தலுக்குள் போட்டார்.

"அப்பா, ஒரு கரண்டிதான்."

மூன்றாவதும் போய்விட்டது. குலுக்கினார். கட்டி கட்டியாக நின்றது. நடுவீதியில், ஓட்டோக்காரனும் இரண்டு ஆமிக்காரரும் பார்த்திருக்க, கோயில் தீர்த்தம் குடிப்பதுபோல் நிமிர்ந்து நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வனிலா வாசம். மீசையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

ஒன்றும் நடக்கவில்லை. வோக்கிரோக்கிக்காரன் முதலில் சிரித்தான். பொலிஸ்காரி அருந்ததியிடம் என்ன விளையாட்டு என்று கேட்டாள். தட்டெறிதல் என்றதும் அவளுடைய புயத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்து, "நல்ல கை," என்றாள். கதிர்காமநாதனிடம் பேணியைக் கொடுக்கும்போது குரல் தணிந்திருந்தது. "இனி லேபலைக் கிழிக்காதீர்கள் மஹத்தயா. இந்தக் காலத்தில்."

பொரளையில் டொக்டர் ஐறீன் அருந்ததியின் நிறையைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், சிறுநீர் சோதித்தார். பிறகு பேணியைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"லேபல் எங்கை?"

அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவர் சொன்னார். "நான்தான் உரிச்சனான்."

"அப்ப இதைப்பற்றி நான் என்னத்தைச் சொல்ல? இருந்திருந்தாலும் பாதிதான் சொல்லியிருப்பன். இதுகளை மருந்து மாதிரி ஆரும் சோதிச்சு விக்கிறதில்லை. நல்லதும் இருக்கு, கண்டதையும் கலந்ததும் இருக்கு. எது எண்டு குடிக்கிற பிள்ளைக்குத் தெரியாது."

"கிட்னி போகுமோ டொக்டர்?"

"ஏற்கனவே பழுதான கிட்னியெண்டா யோசிக்கவேணும். உங்கடை பிள்ளைக்கு எல்லாம் சுத்தமா இருக்கு. புரோட்டீன் எண்டது நஞ்சில்லை, பருப்பிலை இருக்கிறதுதான்."

"மீசை?"

"புரோட்டீனாலை வராது. களவா ஹோர்மோன் கலந்திருந்தா வரலாம். அதுதானே சொல்லுறன், தெரியாத பேணி வேண்டாம்." டொக்டர் அருந்ததியின் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். காலமை என்ன சாப்பாடு?"

"பாண் ரெண்டு துண்டு, சம்பல். பிளேன்ரீ."

"மத்தியானம்?"

"சோறு, மரக்கறி. பருப்பு கொஞ்சம்."

"இதோடை பாரம் தூக்கிறீர். முட்டை?"

அருந்ததி மேசையைப் பார்த்தாள். "வீட்டிலை சைவம் டொக்டர். அண்ணாவின்ரை கேஸ் முடியும்வரைக்கும்."

கதிர்காமநாதன் கதிரையில் அசைந்தார். "எப்ப துவங்கினனீ இந்த மாவை?"

"மாசியிலை. கிறவுண்டிலை தலை சுத்தி விழுந்தனான். அம்மாவுக்கு மட்டும் சொன்னனான்."

"என்னட்டை ஒரு முட்டை கேட்டிருக்கலாமே பிள்ளை."

"கேட்டு, நீங்கள் தந்து, பிறகு அண்ணாவின்ரை கேஸ் தோத்தா? என்னாலைதான் எண்டு வருமே அப்பா."

அவர் நாக்கில் வனிலா இன்னும் மிச்சமிருந்தது. தன் வார்த்தையை வீட்டில் எல்லோரும் காத்தார்கள் என்று இத்தனை நாளும் பெருமைப்பட்டவர் அவர். இந்தப் பிள்ளை அதைக் காக்க அரை வயிற்றோடு மைதானத்தில் விழுந்திருக்கிறாள், விழுந்ததை மறைத்துமிருக்கிறாள். அந்த மானம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

டொக்டர் ஒரு தாளில் எழுதினார். காலையில் முட்டை இரண்டு. அது இல்லையென்றால் கடலை, பயறு, பால், தயிர், சோயா. பருப்பைத் தண்ணியாக்காமல் கெட்டியாகக் காய்ச்சவேண்டும். "சைவத்திலையும் சமாளிக்கலாம், கவனமாச் சமைச்சா. முட்டை எண்டா சுகம். விருப்பம் உங்கடை."

திரும்பும் வழியில் பொரளைச் சந்திக் கடையில் அவர் இறங்கினார். கடைக்காரன் முட்டைகளைப் பத்திரிகையில் சுற்றப் போனான். வேண்டாம் என்றார். உள்ளே இருப்பது தெரிகிற பொலித்தீன் பையில் பத்து முட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திம்பிரிகஸ்யாயவில் அதே பொலிஸ்காரி பைக்குள் எட்டிப் பார்த்து, "இதற்கும் லேபல் இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கையசைத்து விட்டாள்.

வெள்ளவத்தையில் படியேறும்போது நாகேந்திரம் கதவடியில் நின்றார். பையைக் கண்டார்.

"என்ன ஐசே, முட்டையே? விரதம் முடிஞ்சுதோ? பொடியன்ரை கேஸ் சரிவந்திட்டுதோ?"

கதிர்காமநாதன் பையை மறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"கேஸ் முடியேல்லை. விரதம் நான் பிடிச்சது, நான் பிடிப்பன். இது பிள்ளைக்கு."

"என்ன, பாரம் தூக்கிறதுக்கோ?"

"ஓம். பாரம் தூக்கிறவள். தட்டு எறியிறவள். இருபத்தொன்பது மீற்றர்."

வீட்டுக்குள் ஜெகதீஸ்வரி முட்டையைக் கண்டு கணவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பதினாறு மாதம் பாவிக்காத தட்டையான சட்டியை மேல்தட்டிலிருந்து இறக்கினாள். வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டுகிற சத்தம் கேட்டது. கதிர்காமநாதன் படிப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டார், மணம் போகிற இடத்துக்குப் போகட்டும் என்று.

கறுப்புப் பேணியில் மிச்சமிருந்த மாவைக் கொட்டிவிட்டு, அதை அவரே கழுவிக் கவிழ்த்தார்.

"மீற் எத்தினையாந் திகதி?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டார்.

"ஒன்பதாந் திகதி அப்பா. ஏன்?"

"வாறதுக்கு என்ரை வெள்ளை ஷேர்ட்டைத் தோய்க்கப் போடவேணும்."