வசையை ஆறப்போட்ட தளம்

செப்புச் சுரங்க நகரமான கிட்வேயில் தேர்தல் வந்தால் முதலில் பொறுமை உடையும், அப்புறம் ஜன்னல் கண்ணாடி. போன தடவை உள்ளூர் வானொலியின் இணையப் பக்கத்தில் ஆரம்பித்த சண்டை சந்தை வரை நடந்தே போய்க் கடைகளை நொறுக்கியது. அதனால் இந்தத் தடவை நிலைய மேலாளர் நமுகோலோ அம்மாள், கணினி படிக்கும் கங்வாவைக் கூப்பிட்டார்.

"அடிதடி வராத மாதிரி ஒரு பக்கம் செஞ்சு குடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஜனங்க வரலைன்னா பழைய பக்கத்தையே திறந்துடுவேன்."

கங்வா செய்தான். வசைச்சொல் இருந்தால் பதிவு வெளியே போகாது. சற்று நேரம் ஆறப்போட்டு, "இதைச் சொல்லத்தான் வேண்டுமா?" என்று எழுதியவரையே கேட்கும். அடிக்கடி கேட்க வைத்தால் கட்டாய ஓய்வு; சில நாள் எழுதவே முடியாது.

முதலில் ஓய்வு பெற்றவர்கள் இருவர். குடைக் கட்சிக்காரரான சுரங்க மின்பணியாளர் கசோண்டே, "எலி தின்னிகளே, ஓட்டுப் போடுமுன் கை கழுவுங்கள்" என்று எழுதியிருந்தார். சேவல் கட்சிக்காரியான பள்ளி ஆசிரியை தோகோ ஜெரே, "குரங்கு தின்னியே, மரத்தைவிட்டு இறங்கி வரிசையில் நில்" என்றிருந்தார். இனவெறியை வேரோடு பிடுங்கிவிட்ட நிம்மதியில் கங்வா அன்று நன்றாகத் தூங்கினான்.

பக்கம் ஆஸ்பத்திரி போலச் சுத்தமானது. ஆஸ்பத்திரியைப் போலவே அங்கேயும் யாரும் விரும்பி வரவில்லை. வந்த சிலரும் மரியாதையின் சிகரமாக இருந்தார்கள். ம்வாப்பே என்பவர், "மதிப்பிற்குரிய கிழக்கத்தியச் சகோதரர்கள் தயவுசெய்து தங்கள் ஊருக்கே திரும்பிச் செல்லலாம்" என்று எழுதினார். இயந்திரம் அதற்குப் பச்சை விளக்குக் காட்டியது.

வியாழக்கிழமை ஜெரே டீச்சர் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"என் குரங்கு கசோண்டேயோட வாயை அடைச்சது யாருய்யா?"

"டீச்சர், அவர் உங்களை எலி தின்னின்னு..."

"பின்ன? நான் கிழக்கத்தி ங்கோனி இனம், அவர் பெம்பா இனம். தலைமுறையா ஒருத்தரையொருத்தர் கேலி பண்ற முறை. என் புருஷன் செத்தப்ப, எலிக்கறி வெச்சாத்தான் சவப்பெட்டியை எடுக்க விடுவேன்னு வாசல்ல படுத்தவர் அவர். அழுதுட்டிருந்த நான் சிரிச்சுட்டேன். ஆமா, நீ எந்த ஊரு?"

"கசாமா பக்கம். பெம்பாதான்."

"அப்ப நீயும் எனக்கு முறைதான். தெரியாதா?"

"தெரியும். கல்யாணத்துல, சாவு வீட்டுல பார்த்திருக்கேன். கம்ப்யூட்டர்ல சேர்க்கத் தோணலை."

"நல்லா இருக்குடா. என்னைத் திட்டுறவனுக்குப் பூட்டு, மரியாதையா ஊரைவிட்டுத் துரத்துறவனுக்குப் பச்சை விளக்கா?"

கங்வா கணினியைத் திறந்தான். எழுதுகிறவர்களிடம் இனத்தைக் கேட்டுக்கொண்டு, முறைக்காரர்களின் கேலிக்கு ஓய்வு கிடையாது என்று மாற்றினான். ஒரு பதிவைப் பற்றிப் புகார் வந்தால், எழுதியவரின் முறைக்காரர் ஒருவரை இயந்திரம் அழைக்கும்படியும் செய்தான்.

வெள்ளிக்கிழமை ம்வாப்பேமேல் புகார் வந்தது. அவரும் பெம்பா. இயந்திரம் ஜெரேயை அழைத்தது.

"கிளம்புறேன் மச்சான், பெட்டி தூக்க ஒரு குரங்கு வேணும். எப்ப வர்றீங்க?" என்று எழுதினார் டீச்சர்.

"அவனை நம்பாதே. வழியில வாழைப்பழக் கடை இருக்கு" என்றார், ஓய்வு ரத்தான கசோண்டே.

ஊரே சிரித்தது. ம்வாப்பே பதில் எழுதினார்: "சரி, இருந்து தொலைங்க. வீட்டுல எலியாவது குறையும். ஆமா, உங்க சேவல் ஜெயிச்சா எங்க தெருக் குழாய்ல தண்ணி வருமா?"

அங்கே பிடித்துக்கொண்டது பேச்சு. தண்ணீர், சாக்கடை, சுரங்க வேலை என்று சனிக்கிழமை முழுக்கக் காரசாரமான விவாதம். யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் கல்லும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நமுகோலோ அம்மாள் பழைய பக்கத்தை நிரந்தரமாகவே மூடினார்.

திங்கட்கிழமை மதியம் டீச்சர் நிலையத்துக்கு வந்தபோது கங்வா எழுந்து நின்றான்.

"ரொம்ப நன்றி டீச்சர். நீங்க மட்டும் வரலைன்னா..."

"முறைக்காரிக்கு எவனாவது நன்றி சொல்லுவானா? நான் என்ன உனக்கு அந்நியமா?" என்றபடி அவர் அவனுடைய சோளக்களித் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

கங்வாவுக்குக் கண் கலங்கியது. மீன் கிண்ணத்தையும் அவர் பக்கம் காட்டிச் சொன்னான்:

"தின்னு, எலி தின்னி. மனுஷன் சாப்பாடு எப்படி இருக்கும்னு இன்னிக்காவது தெரிஞ்சுக்கோ."

டீச்சர் முகமெல்லாம் மலர, கிண்ணத்திலிருந்த மீனையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.