கொழுந்தன் வீட்டு நாய்

தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தாலும் தையற்காரியின் கண் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. எதிரே, ஒரே மதில் சுவருக்குள், கொழுந்தன் புதிதாகக் கட்டிய வீடு. அவள் கணவனும் தம்பியும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள்தான். தம்பி தனியாகத் தொழில் தொடங்கி மளமளவென்று மேலே வந்துவிட்டான். அவன் மனைவி, சின்னவள், சிரிக்கும் சத்தம் கேட்டாலே தையற்காரிக்கு விரலில் ஊசி ஏறியதுபோல் இருக்கும். போதாததற்கு, இவள் பெற்ற மகளே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, "சித்தி!" என்று அங்கே ஓடிவிடுவாள். சித்தி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்கள் வளர்க்கும் கறுப்பு நாயோடு கொஞ்சிக்கொண்டே பாடம் எழுதுவாள். இருட்டினால்தான் வீடு திரும்புவாள்.

அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் தையற்காரி இடிந்த கொட்டகையின் செங்கலையும் மண்ணையும் குவித்து வைத்திருந்தாள்.

"அக்கா, காத்தே வரலை. அள்ளிடலாமா?" என்று சின்னவள் பலமுறை கேட்டுப் பார்த்தாள்.

"என் கல்லு, என் இடம். காத்து வேணும்னா ஃபேன் போட்டுக்கோ."

ஒருநாள் மகளின் கன்னத்தில் கொசு கடித்தாற்போல ஒரு தடிப்பு. அது போகவில்லை. வாரக்கணக்கில் பெரிதாகி, நடுவில் குழி விழுந்த புண்ணாயிற்று. வலிக்கவே இல்லை என்றாள் சிறுமி.

டாக்டர் புண்ணைச் சுரண்டிச் சோதித்துவிட்டுச் சொன்னார். "இது மணல் ஈ கடிச்சு வந்தது. கொசுவைவிடச் சின்னது, சத்தமே போடாது. எலி, நாய் மாதிரி பிராணிங்க உடம்புல இருக்கிற கிருமியை அது மனுஷங்களுக்குக் கொண்டுவரும். தொட்டா ஒட்டாது, பயப்படாதீங்க. ஊசியில ஆறிடும். ஆனா தழும்பு நிக்கும்."

இத்தனையில் தையற்காரியின் காதில் விழுந்தது 'நாய்' என்ற ஒரு சொல்தான்.

வாசலில் நின்று தெருவே கூடும்படி கத்தினாள். "உன் நாய் என் பிள்ளை மூஞ்சியைக் கெடுத்துடுச்சுடி!"

மறுநாளே கொழுந்தன் நாயை வண்டியில் ஏற்றி, தூரத்து நண்பன் வீட்டில் விட்டுவந்தான். எதிர்வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. தையற்காரிக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. நாய் போய் மாதங்கள் ஆனபின் மகளின் முழங்கையில் இன்னொரு புண் கிளம்பிற்று. சுகாதார அலுவலர் ஆட்களோடு வந்து பொறி வைத்து எலி பிடித்தார். சில நாளில் முடிவோடு திரும்பி வந்தார்.

"நீங்க அனுப்பிவெச்ச நாயோட ரத்தத்தையும் அங்க போய்ப் பார்த்தோம், அதுகிட்ட ஒண்ணுமில்லை. கிருமி இங்க பிடிச்ச எலிங்ககிட்டதான் இருக்கு. இந்தக் குவியலுக்கு அடியில பூரா எலி வளை. அந்த ஈரத்துலயும் இடுக்குலயும்தான் ஈயும் பெருகுது. பொழுது சாஞ்சா வெளிய வந்து கடிக்குது. யாரோட குவியல் இது?"

சின்னவள் முந்திக்கொண்டாள். "எங்க ரெண்டு குடும்பத்துதும்தான் சார். அள்ளிடறோம்."

அப்போதும் தையற்காரியின் நெஞ்சில் சுருக்கென்றது. 'நல்லவள் என்ற பேரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே!' நினைத்த அடுத்த கணமே மகளின் கன்னம் கண்ணில் பட்டது. கூசிப்போனாள்.

"இல்ல சார், என்னோடதுதான். அவ அள்ளச் சொன்னா. நான்தான் வேணும்னே விட்டுவெச்சேன்."

மருந்து அடித்துவிட்டு ஆட்கள் போனார்கள். மண்வெட்டியோடு வந்த சின்னவளின் கையைத் தையற்காரி பிடித்துக்கொண்டாள்.

"வாயில்லா ஜீவன்மேல பழியைப் போட்டுட்டு, நோய்க்கு இடம் கொடுத்தது நான்டி. உனக்குக் காத்து வரக் கூடாதுன்னு நெனச்சேன், என் பிள்ளை கன்னத்துல புண்ணு வந்துடுச்சு. அடுத்தவ நல்லா இருக்கறது பொறுக்காம வீட்டைச் சுத்திக் குப்பையைச் சேர்த்தா, அதுல பொறக்கிற ஈக்கு உன் வீடு, என் வீடுன்னு பிரிச்சுக் கடிக்கத் தெரியாது."