லோகேஸ்வரியின் கிளட்ச்

ஆயர் ஈத்தாம் சந்தை முன்னாலிருந்த சமிக்ஞை விளக்கில் பச்சை விழுந்தது. லோகேஸ்வரி கியரை மிதித்தாள். ‘டணார்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் கையிலிருந்த கீரைக் கட்டோடு துள்ளி விலகினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி முன்னால் பாய்ந்தது.

“சனியனே” என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே திட்டினாள்.

ஏழு மாதமாக இதே கூத்துதான். கடைசி பஸ்ஸை நம்பிக் கொண்டிருக்க முடியாது என்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலைக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள் அது. வாங்கிய முதல் வாரம் பூனை மாதிரி இருந்தது. முதல் சர்வீஸ் முடிந்து வந்த பிறகு கியர் மாற்றும்போதெல்லாம் யாரோ உள்ளே சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம். விளக்கில் நின்றால் நியூட்ரல் விழுவதே இல்லை. கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தாலும் வண்டி மெல்ல முன்னால் நகரும். விடிகாலையில் பிளாட்டின் கீழே அவள் கிளம்பும் சத்தத்தில் இரண்டாம் மாடிப் பிள்ளை அழுகிறது என்று ஒரு புகார் வேறு.

பட்டறைக்கார முனுசாமியிடம் நான்கு முறை போய்விட்டாள். ஒரு முறை எண்ணெய் மாற்றினான். ஒரு முறை தளர்ந்திருந்த செயினை இறுக்கினான். சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

நான்காவது முறை அவள் கணவன் குகனும் கூடப் போனான். கேள்வி கேட்டது லோகேஸ்வரி. முனுசாமி பதில் சொன்னது குகனுக்கு.

“வண்டி ஓகேலா அண்ணே. அக்கா மிதிக்கிற மிதிதான். மெதுவா மிதிக்கச் சொல்லுங்க.”

“நான் இங்கதானே நிக்கிறேன், எங்கிட்டச் சொல்லுங்க” என்றாள் அவள்.

முனுசாமி சிரித்தான். குகனும் சிரித்தான்.

மெதுவாக மிதித்துப் பார்த்தாள். கியர் பாதியில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கரகரத்து, முன்னைவிடப் பெரிய சத்தத்தோடு விழுந்தது. தன் காலில்தான் ஏதோ கோளாறோ என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். அந்த நினைப்புதான் சத்தத்தைவிட அதிகமாக உறுத்தியது.

வியாழக்கிழமை வேலை முடிந்து மோட்டார் நிறுத்துமிடத்தில் வண்டியை எடுத்தபோது, அதே பிரிவில் வேலை செய்யும் ஷரீஃபா காதைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன லோகா, வண்டியா, இரும்புக் கடையா?”

“நீயும் ஆரம்பிக்காத. என் மிதிதான் சரியில்லையாம்.”

ஷரீஃபா பத்து வருடமாக மோட்டார் ஓட்டுபவள். வந்து இடது கைப்பிடியின் கிளட்ச் லீவரை விரலால் அழுத்திப் பார்த்தாள். லீவர் தொளதொளவென்று பாதித் தூரம் சும்மா வந்தது.

“அல்லாவே, எவ்வளோ லூசு! என்னோடதைப் பிடிச்சுப் பாரு.”

லோகேஸ்வரி பிடித்தாள். ஒரு அரிசி அளவுதான் ஆடியது, உடனே இறுகிவிட்டது.

“உன்னோடதைப் பிடிச்சாலும் கிளட்ச் முழுசா விடல. எஞ்சின் சுத்திக்கிட்டே இருக்கு, அந்த நேரத்துல கியர் போட்டா அடிக்காம என்ன செய்யும்? கேபிளை யார் இப்படி விட்டது?”

வண்டி நேராகப் பட்டறைக்குப் போனது. முனுசாமி ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“கிளட்ச் கேபிளை ஏன் இவ்வளோ தளத்தி வெச்சிருக்கீங்க?”

“அதுவா? முதல் சர்வீஸுக்கு வந்தப்ப உங்க வீட்டு அண்ணன்தான் சொன்னாரு. லேடீஸ் ஓட்டுறது, கை வலிக்காம லைட்டா வெச்சுக் குடுன்னு.”

“நாலு தடவை வந்தேனே. ஒரு தடவையாவது இதைத் தொட்டுப் பாத்தீங்களா?”

முனுசாமி எழுந்து கையைத் துடைத்தான். “குடுங்க அக்கா, டைட் பண்ணிடுறேன்.”

“வேணாம். எங்க திருகணும்னு மட்டும் காட்டுங்க.”

அவன் காட்டினான். லீவர் அடியில் இரண்டு வளையங்கள். பூட்டு வளையத்தைத் தளர்த்தினாள், மற்றதை வெளிப்பக்கமாகத் திருகினாள். மூன்று சுற்று. லீவர் நுனியில் கொஞ்சம் தளர்ச்சி மிச்சம் வைத்து, பூட்டு வளையத்தை மறுபடி இறுக்கினாள். எஞ்சினைக் கிளப்பி, கிளட்சைப் பிடித்து, முதல் கியரை மிதித்தாள்.

‘டிக்’.

அவ்வளவுதான். தெருவில் யாரும் திரும்பவில்லை. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் வெண்ணெயில் கத்தி போன மாதிரி விழுந்தன. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்கோ கண் எரிந்தது. ஏழு மாதம்.

பிளாட்டுக்குக் கீழே குப்பைப் பையோடு நின்ற குகன், அவள் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தான்.

“அட, நீ வந்ததே தெரியல. சரியாயிடுச்சா?”

“நீங்கதான் கிளட்சை லூசா வைக்கச் சொன்னீங்களாமே.”

குகன் முகம் மாறியது. “உனக்குக் கை வலிக்கக் கூடாதேன்னுதான்...”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வலிக்குதா இல்லையான்னு நானே சொல்லியிருப்பேன்ல?”

பையைக் கையிலேயே பிடித்தபடி, “சாரி லோகா” என்றான் மெதுவாக.

அவளுக்குக் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. ஆறுவதற்கு அவள் அவசரப்படவுமில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, லிஃப்ட்டுக்குக் காத்திராமல் படியேறினாள்.