களிமண்மேல் பழி

1

கோபத்தில் எழுதக் கூடாது என்பார்கள். கோபம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. மண் பரிசோதனைக்கூடத்தில் பொறியாளராக இருக்கும் என் அக்கா, வந்ததும் வராததுமாகக் கைப்பையை மேசைமேல் வீசினாள்.

“பள்ளிக்கூடச் சுவர் வெடிச்சதுக்கு மண்ணுதான் காரணமாம்டா!”

2

முதல் தொடக்கம்: ‘களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், அதன் புத்தியே…’

(அடித்துவிட்டேன். நானும் மண்ணையே கூண்டில் ஏற்றுகிறேன்.)

அந்தக் களிமண் நிலத்தில் பள்ளி கட்டலாம் என்று சொன்னவளே அக்காதான். சிமெண்டோடு இரும்பாலைக் கசடின் தூளும் சுண்ணாம்பும் சேர்த்து, மண்ணோடு நன்றாகக் கலந்து, இறுக்கி, ஈரம் காயாமல் ஒரு வாரம் விட வேண்டும். அப்புறம் கட்டடத்தையே தாங்கும். ஒப்பந்தக்காரர் கலவையை மேலாகத் தூவிவிட்டு மறுநாளே அதன்மேல் லாரியை ஏற்றினார்.

3

கதையில் அவருக்கு முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். அக்கா சிரித்துவிட்டாள்.

“மீசையெல்லாம் கிடையாது. ரொம்பத் தன்மையான மனுஷன். ‘சாப்டீங்களா மேடம்’னு கேக்காம பேச்சையே ஆரம்பிக்க மாட்டார்.”

(தன்மையானவர்களைத் திட்டத் தமிழில் சொல் போதவில்லை.)

4

விசாரணைக் கூட்டத்தில் அக்கா இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில், தான் முறையாகக் கலந்து இறுக்கிய மண்கட்டியைப் போட்டாள். மற்றதில், வகுப்பறைத் தரைக்கடியில் தோண்டி எடுத்த கட்டி. முதலாவது அசையவில்லை. இரண்டாவது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து சேறானது.

“ரெண்டும் ஒரே மண்ணுதான். இது களிமண்ணோட குத்தமா சார்?”

தலைமை அதிகாரி தம்ளரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“அந்தத் தண்ணிய எடுத்துட்டு டீ கொண்டுவரச் சொல்லுங்க.”

(இந்த வரியை நான் புனைந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.)

‘இயல்பிலேயே பலவீனமான மண்’ என்று முடிவாயிற்று. அக்கா ஒப்பவில்லை. அவளை ஒதுக்கிவிட்டு விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் ஒப்பந்தக்காரர் கைதாகிறார். இன்னொன்றில் அதிகாரி மனம் திருந்தி… (சே!) மூன்றாவதில் பெருமழை வருகிறது. அதைப் படித்ததும் அக்கா தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

“விரிசல்ல பூச்சு பூசி பெயிண்ட் அடிச்சாச்சு. உள்ள பிள்ளைங்க உக்காந்து படிக்குதுங்க. நீ பாட்டுக்கு முடிவு எழுதுறியா?”

எழுத மாட்டேன். வெளியே மேகம் திரண்டிருக்கிறது. பிள்ளைகளை அந்தக் கட்டடத்திலிருந்து வெளியேற்றச் சொல்லித் தலைமையாசிரியரிடம் சண்டை போட அக்கா கிளம்பிவிட்டாள். நானும் போகிறேன்.

நீங்கள் ஏன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?