ஷூ பாலிஷுக்குப் பின்னால்

கடையில் அவளை எல்லோரும் வரிசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். சூப்பர் மார்க்கெட் தட்டுகளில் சரக்கு அடுக்குவது அவள் வேலை. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் இருக்கும் பாக்கெட்டை யாராவது எடுத்துப் போனால், பின்னால் இருப்பதை உடனே விளிம்புக்கு இழுத்துவிட வேண்டும். லேபிள் வெளியே பார்க்க வேண்டும். பின்னால் காற்று மட்டுமே குடியிருந்தாலும், எதிரே நின்று பார்ப்பவருக்குத் தட்டு நிறைந்திருக்க வேண்டும். "ஜனங்க நிறைஞ்ச தட்டைப் பார்த்தாத்தான் கை வைப்பாங்க" என்பார் மேனேஜர். அவர் பேசுவதில் முக்கால்வாசி உளறல் என்றாலும் இது மட்டும் உண்மை. இந்த வித்தையைக் கடையில் அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவள் வரிசையக்காதான்.

அன்று காலை டிவியில் ஊரடங்கு என்று சொன்னார்கள். அதுவும் மறுநாளிலிருந்து. கடைகள் திறந்திருக்கும், யாரும் பதற வேண்டாம் என்றும் கூடவே சொன்னார்கள். அது போதாதா, ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவதற்கு? ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் குனிந்து நுழைந்தவர்கள் உண்டு. மதியத்துக்குள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பூனை வளர்க்காதவர்கள் பூனைத் தீனியை அள்ளினார்கள். ஒரு பெரியவர் டாய்லெட் பேப்பர் கட்டை இறுக அணைத்துக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று சுவரில் முதுகை ஒட்டியபடியே நகர்ந்தார். வேறொரு நாளாக இருந்தால் வரிசையக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அன்று சிரிக்க முடியவில்லை. அவள் மனசெல்லாம் கடைசி வரிசையில், ஷூ பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது.

அங்கே இரண்டு டின் பால் பவுடர் இருந்தது. பச்சை மூடி போட்ட டின். சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுப்பது. அவள் தங்கை மகனுக்கு ஐந்து மாதம். தங்கைக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. வேறு எந்தப் பாலைக் கொடுத்தாலும் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டும். ஒருமுறை அப்படி ஆகி, ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்தது மறுபிழைப்பு. ஊரில் மற்ற கடைகளில் பச்சை மூடி எப்போதோ தீர்ந்துவிட்டது.

வேலை செய்பவர்கள் கடை சாத்திய பிறகுதான் எதையும் வாங்கலாம் என்பது அங்கே விதி. அதனால் முந்தின நாள் சாயங்காலம், மிச்சமிருந்த இரண்டு டின்னையும் எடுத்துப் போய், யாருமே எட்டிப் பார்க்காத ஷூ பாலிஷுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். கடை சாத்திய பிறகு வாங்கப் போனால், பில் போடும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம், கிளம்புங்க" என்று மேனேஜர் விரட்டிவிட்டார்.

ஒளித்துவைத்துவிட்டுத் திரும்பிய கையோடு ஒருவர் வந்து எதிரே நின்றது வேறு அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ் டிரைவர். சீருடையோடு, நேராக வண்டியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"பச்சை மூடி டின் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. தீர்ந்துபோச்சு."

"குடோன்ல பார்த்துச் சொல்லுங்களேன். ஒண்ணு கிடைச்சாக்கூடப் போதும்."

"எங்கயும் இல்லீங்க."

அவர் பால் பவுடர் தட்டுக்குப் போய், காலி இடத்தைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டுப் போனார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நம் பிள்ளை என்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஊரான் பிள்ளைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மதியம் தங்கை போன் பண்ணினாள். வரிசையக்கா குடோன் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பேசினாள்.

"அக்கா, டின்னைச் சுரண்டிட்டேன்கா. இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும்."

"சாயங்காலம் கையோட கொண்டு வரேன். அதான் எடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னேன்ல?"

"யாராவது எடுத்துட்டா?"

"ஷூ பாலிஷை எவன்டி தொடப் போறான்? நாளையிலேருந்து எவனும் ஷூவே போடப் போறதில்ல."

போனை வைப்பதற்குள் மேனேஜர் மூச்சிரைக்க வந்துவிட்டார். "தட்டெல்லாம் பல்லு போன வாய் மாதிரி இளிக்குது. இதைப் பார்த்தா ஜனங்க கண்ணாடியை உடைச்சிடுவாங்க. எல்லாத்தையும் முன்னால இழுங்க. கடைசி வரிசை வரைக்கும். பின்னால ஒரு தூசி இருக்கக் கூடாது."

கடைசி வரிசை என்றதும் அவள் முந்திக்கொண்டாள். "அதை நான் பார்த்துக்கறேன் சார்."

"நீ மாவுப் பக்கம் போம்மா. அங்க அடிதடி நடக்குது. கடைசி வரிசையைக் கொக்கு பார்த்துக்கட்டும்."

கொக்கு என்பது கூட வேலை செய்யும் உயரமான பெண். ஏணி இல்லாமலே மேல்தட்டு எட்டும், வேலையில் புலி. அன்றைக்கு என்று பார்த்து அவள் வேலையில் புலியாக இருந்ததுதான் வினை.

மாவுப் பகுதியில் இரண்டு பெண்கள் ஒரே பையை ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். வரிசையக்கா விலக்கிவிடப் போக, பை கிழிந்து மூன்று பேர் தலையிலும் மாவு கொட்டியது. நழுவலாம் என்று பார்த்தால் எண்ணெய் எங்கே, சோப்பு எங்கே என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினாள்.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வரிசை அவ்வளவு அழகாக இருந்தது. ஷூ பாலிஷ் டப்பாக்கள் லேபிளைக் காட்டிக்கொண்டு விளிம்பில் நேர்கோடாக நின்றன. நடுவில் இரண்டு டின் நிற்கிற அகலத்துக்கு இடம் காலி.

"பின்னாடி ரெண்டு பால் டின்னு கிடந்துச்சுக்கா" என்றாள் கொக்கு. "யாரோ வேண்டாம்னு சொருகிட்டுப் போயிருக்காங்க. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே லேபிளைத் திருப்பி முன்னால வெச்சேன். திரும்பிப் பார்க்கறதுக்குள்ள காணோம்!" சபாஷ் வாங்கப் போகிறவள் போல நின்றாள்.

வரிசையக்கா தலைகால் தெரியாமல் ஓடினாள். தள்ளுவண்டிக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தாள். நூடுல்ஸ் மலை, எண்ணெய் மலை, யாருக்கும் தேவைப்படாத பிறந்தநாள் மெழுகுவத்தி. "என்னம்மா திருடி மாதிரி எட்டிப் பார்க்கற?" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தாள். பச்சை மூடியைக் காணோம். சாயங்காலம் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து அழும்போது தங்கை என்ன செய்வாள்?

பில் போடும் வரிசையின் நடுவில் பச்சை தெரிந்தது.

ஒரு கூடை. கூடைக்குள் இரண்டு டின்னைத் தவிர வேறொன்றும் இல்லை. கூடையைப் பிடித்திருந்தவர் நேற்று வந்த டிரைவர்.

"அண்ணே," என்றாள். மூச்சு வாங்கியது. "அண்ணே, அதுல ஒண்ணு எனக்குக் குடுத்துடுங்க. என் தங்கச்சி பிள்ளைக்கு. வீட்ல சொட்டு இல்ல."

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "நேத்து இல்லைன்னு சொன்னது நீங்கதான? இதை எங்க எடுத்தேன் தெரியுமா? மனசு கேட்காம ஒவ்வொரு வரிசையா நடந்து பார்த்தேன். ஷூ பாலிஷ் நடுவுல உட்கார்ந்திருக்கு."

"அது நான் வெச்சதுண்ணே!"

வாயை விட்டுவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. டிரைவருக்குப் பின்னால் நின்ற, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கத்தினார்.

"கேட்டீங்களா? சரக்கை எல்லாம் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்காங்க! கடைக்காரங்களே ஒளிச்சு வெச்சிருக்காங்க!"

வரிசை கலைந்தது. முதலில் ஒரு பெண் பிஸ்கட் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டாள். முன்வரிசை பொலபொலவென்று சரிந்தது. பின்னால் தட்டின் தகரம். இன்னொருவர் எண்ணெய்ப் பாட்டில்களை விலக்கினார். தகரம். நூடுல்ஸ், சோப்பு, உப்பு எதற்குப் பின்னாலும் எதுவும் இல்லை. கடை முழுவதும் ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. வரிசையக்காவின் கைவண்ணம் அத்தனையும் சந்திக்கு வந்துவிட்டது.

யாரோ, "ஒண்ணுமே இல்லய்யா!" என்றார்கள். ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்ற கோபத்தைவிட, ஒளித்து வைக்கக்கூட ஒன்றும் இல்லை என்ற பயம் பெரிதாக இருந்தது. ஜனம் கண்மண் தெரியாமல் பாய்ந்தது. தட்டுகள் சரிந்தன. மேனேஜர் மைக்கில் ஏதோ கெஞ்சினார், யார் கேட்டார்கள்?

கூட்டம் டிரைவரையும் அவளையும் ஒரு தூணோடு சேர்த்து நசுக்கியது. அவர் கூடையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். பக்கவாட்டிலிருந்து ஒரு கை கூடைக்குள் நுழைந்து டின்னைப் பற்றியது. வரிசையக்கா யோசிக்கவில்லை, அந்தக் கையை ஓங்கி அடித்தாள். "அது கைக்குழந்தைக்குய்யா! விடு!" கை பின்வாங்கியது. முழங்கையால் இடித்து, தோளால் தள்ளி, மூடிக்கிடந்த கடைசிக் கவுண்டர் வரைக்கும் அவரை இழுத்துப் போனாள். குறுக்கே போட்டிருந்த சங்கிலியைக் கழற்றி, ஓரமாக நடுங்கிக்கொண்டு நின்ற பில் போடும் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இவருக்கு மட்டும் போட்டு அனுப்பும்மா."

டின் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பீப் என்று கத்தின. கேள், இப்போதாவது கேள் என்று மனசு அடித்துக்கொண்டது. இல்லைன்னு சொன்ன வாயால் எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. டிரைவர் பையை வாங்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஆனால் கால் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

அவர் பைக்கில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். பை கைப்பிடியில் தொங்கியது. அவள் வருவதைப் பார்த்தார். போகவில்லை.

"என் பொண்ணுக்கு நாலு மாசம்" என்றார். "ராத்திரி பூரா தண்ணியைக் குடுத்துக் குடுத்து ஏமாத்தினோம். விடியக்காலையில அழக்கூடத் தெம்பில்லாமப் படுத்துட்டா."

அவள் தலை தானாகக் குனிந்தது.

"நேத்து நான் கேட்டப்போ உங்ககிட்ட எத்தனை இருந்துச்சு?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டு."

அவர் தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து அவள் கையில் வைத்தார். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஏதாவது சொல்ல அவள் நிமிர்வதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

பாக்கெட்டில் போன் அடித்தது.

"அக்கா, டிவியில உங்க கடைப் பக்கம் ஒரே கலாட்டான்னு காட்டறாங்க. டின்னு? டின்னு இருக்குல்ல?"

"இருக்கு. கையிலதான் வெச்சிருக்கேன்."

தங்கை பெருமூச்சு விட்டது காதில் கேட்டது. பின்னால் பிள்ளை சிணுங்குவதும் கேட்டது. "நல்லவேளைக்கா, நீ முன்கூட்டியே ஒளிச்சு வெச்சே."

வரிசையக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.