மேல்மாடி திறக்கும் நேரம்

திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே அந்த மின்னஞ்சலைப் படித்தேன். வாயிலிருந்த பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரவேண்டிய புதிய பதிப்பு வியாழன் பதினோரு மணிக்குத் தள்ளிப்போகிறதாம். அதே நாள் அதே மணிக்கு எனக்குக் கல்யாணம்!

விஷயம் இதுதான். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குட்டி பிரவுசர் நடத்துகிறோம். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பெரிய பிரவுசர் ஒன்றை எடுத்து, வேவு பார்க்கும் சமாச்சாரங்களை உருவிப் போட்டுவிட்டு, எங்கள் பெயரில் கொடுக்கிறோம். அந்தப் பெரிய கூட்டத்துக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் மேல்மாடி. மேல்மாடி மாதாமாதம் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து வெளியிடும் அதே நேரத்தில் நாங்களும் வெளியிட வேண்டும். முந்தினால், ஓட்டை எங்கே என்று திருடனுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி. பிந்தினால், எங்களை நம்பியவர்களின் கதவு திறந்தே கிடக்கும். வெளியிடும் பொத்தானை இரண்டு பேர் சேர்ந்து அழுத்த வேண்டும் என்பது எங்கள் விதி. ஒருத்தி நான். இன்னொருவர் மாப்பிள்ளை.

இந்த அழகில், கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. இரண்டுக்கும் மேல்மாடிதான் காரணம். அம்மா வெளியூரிலிருந்து வந்து இறங்கியதுமே சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ தள்ளிப் போட்டீங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க. போட்டோ அனுப்புங்க, பாத்துக்கறேன்." வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு ரயில்.

மேல்மாடியில் வெளியீட்டைக் கவனிக்கும் நாற்பது பேர் குழுவின் தலைவரை நான் பார்த்ததே இல்லை. மூன்று வருடமாக நான் பக்கம் பக்கமாக எழுதினாலும் "பார்த்தேன்" என்று ஒரே சொல்லில் பதில் போடுகிற ஆசாமி. அவரிடம் அன்று பொரிந்து தள்ளினேன். எந்த மடையனுக்காக இந்தத் தாமதம் என்றே கேட்டுவிட்டேன். முதல் முறையாக முழு வாக்கியங்கள் வந்தன. "பிரிண்ட் எடுக்கும்போது பிரவுசர் மூடிக்கொள்கிறது என்று பதினைந்து நாளுக்கு முன் ஒருவர் புகார் செய்தார். சரிசெய்யாமல் வெளியிடவே கூடாது என்று அடம்பிடித்தார். அது நீங்கள்தான்."

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். "உன் கல்யாணத்த நீயே தள்ளி வெச்சிருக்கே! இதுக்கெல்லாம் தனித் தெறம வேணும்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வெட்கத்தை விட்டு மன்னிப்புக் கேட்டேன். கூடவே ஒரு வேண்டுகோள்: கல்யாணம் முடிந்தது என்று நான் எழுதும்வரை புதிய பதிப்பைத் திறந்துவிடாமல் இருக்க முடியுமா? "பன்னிரண்டு மணிவரை காத்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருடம் மேல்மாடிக்காக நான் காத்திருந்தேன். இப்போது எனக்காக மேல்மாடி!

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் ஆளுக்கொரு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினொன்றேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

"சம்மதமா?" என்று கேட்டார் பதிவாளர் அம்மாள்.

"சம்மதம்!" என்று இருவரும் கத்திய கத்தலில் அவர் பேனாவைக் கீழே போட்டார்.

"சரி சரி. பிரிண்ட் எடுத்துடறேன். அதுல கையெழுத்துப் போட்டாத்தான் கல்யாணம்."

பொத்தானைத் தட்டினார். திரையிலிருந்த பக்கம் காணாமல் போனது. திரும்பத் திறந்து தட்டினார். திரும்பவும் போனது.

"ரெண்டு வாரமா இதே ரோதனை. சில நேரம் வருது, சில நேரம் மக்கர் பண்ணுது. இன்னிக்கு வராது போலிருக்கு. வேற நாள் குடுக்கட்டுமா? ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலியா இருக்கு."

அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

நான் எட்டிப் பார்த்தேன். மேல்மாடியின் பிரவுசர். நான் பிடித்துக்கொடுத்த அதே பிழை. சரிசெய்த பதிப்பு அங்கே தயாராக, என் கல்யாணம் முடியட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. கல்யாணமோ அது வரட்டும் என்று இங்கே காத்துக்கொண்டிருக்கிறது!

"அம்மா, உக்காரு! மேடம், அஞ்சே அஞ்சு நிமிஷம்!"

மேல்மாடிக்கு எழுதினேன். 'கல்யாணம் ஆகவில்லை. உடனே திறங்கள். நீங்கள் திறந்தால்தான் ஆகும்.' அவசரத்தில் பாதி எழுத்து தப்பு. மணி பதினொன்று முப்பத்தெட்டு. பதில் இல்லை. முப்பத்தொன்பது. நாற்பது. மாப்பிள்ளை நகத்தைக் கடித்து முடித்துவிட்டு என் நகத்தைப் பார்த்தார்.

"பார்த்தேன்."

அடுத்த நிமிடம் மேல்மாடி திறந்தது.

"அழுத்து!" என்றேன். அவர் லேப்டாப்பில் அவரும் என் லேப்டாப்பில் நானும் பொத்தானை அழுத்த, எங்கள் பதிப்பும் கிளம்பியது. பிறகு மேசையைச் சுற்றி ஓடிப்போய்ப் பதிவாளரின் முதுகுக்குப் பின்னால் நின்றோம். "மேல அந்த மூணு கோட்ட அழுத்துங்க... அப்டேட்... ஆமா, அதேதான்!"

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "கல்யாணம் பண்ண வந்தீங்களா, கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ண வந்தீங்களா?"

பிரவுசர் மூடித் திறந்தது. அவர் மறுபடி தட்டினார். பிரிண்டர் இரண்டு தரம் இருமிவிட்டுத் தாளை நீட்டியது. நாங்கள் கட்டிக்கொண்டு குதித்தோம்.

"மொதல்ல கையெழுத்தப் போடுங்க, அப்புறம் குதிங்க," என்றாள் அம்மா. போட்டோம். முதல் சாட்சிக் கையெழுத்தை அவள்தான் போட்டாள். போடும்போது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழைப் படமெடுத்து மேல்மாடிக்கு அனுப்பினேன்.

"பார்த்தேன்" என்று வழக்கம்போல் வந்தது. அவ்வளவுதான் என்று லேப்டாப்பை மூடப் போனேன். அதற்குள் இன்னொன்று வந்தது.

"நாற்பது பேரும் எழுந்து நின்று பார்த்தோம்."