சாவு வீட்டு ஹாட்டிஷ்

ஓவனுக்குள்ளிருந்து பதினொரு பாத்திரங்களை எடுத்துத் தரையில் வைத்தேன். வேண்டுமென்றே சத்தம் வரும்படி வைத்தேன். இந்த ஊரில் ஓவன் சமைப்பதற்கு அல்ல, சட்டி பானை அடைத்து வைப்பதற்கு. கல்யாணமாகி மெக்சிகோவுக்கு, இந்தத் தெபத்தித்லானுக்கு வந்த இருபத்து மூன்று வருடங்களில் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். என் மாமியார் சொக்கோரோ தலையை ஆட்டுவார். மறுநாள் இன்னும் இரண்டு வாணலிகள் உள்ளே ஏறியிருக்கும். மற்ற நாளாக இருந்தால் முணுமுணுப்போடு விட்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம்.

புதன்கிழமை என் அம்மா ஆர்டிஸ் அமெரிக்காவில், மினசோட்டாவில் இறந்துபோனாள். வெள்ளிக்கிழமை பெட்டியோடு குவாதலஹாரா விமான நிலையம் வரை போனேன். மினசோட்டாவில் பனிப்புயல் என்று விமானம் ரத்து, அடுத்ததும் ரத்து. திரும்பி வந்தேன். சனிக்கிழமை அடக்கம் செய்தார்கள். தம்பி டுவேன் தன் கைபேசியைத் தேவாலயத்துப் பெஞ்சில் சாய்த்து வைத்து எனக்குக் காட்டினான். ஒரு மணி நேரம் நான் பார்த்ததெல்லாம் கனமான கோட்டுகளின் முதுகுகளைத்தான். முடிந்ததும் அவன் அதை அணைக்க மறந்து, கையில் பிடித்தபடி தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துக்கு இறங்கிப் போனான். அங்கே நீள மேசை மேல் ஏழு ஹாட்டிஷ் ஆவி பறக்க இருந்ததைப் பார்த்தேன்.

ஹாட்டிஷ் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கொத்துக்கறி, பீன்ஸ், டின்னில் வரும் காளான் சூப், எல்லாவற்றையும் கலந்து, மேலே பொரித்த உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி ஓவனில் வைத்து எடுப்பது. உப்பும் கொஞ்சம் மிளகும்தான், வேறு மசாலா கிடையாது. பார்க்கவும் அழகில்லை. ஆனால் எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரிய விடமாட்டார்கள். பத்து நாளைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைத்தான் கொண்டுவந்து படியில் வைப்பார்கள். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி அவரவர் பெயர் எழுதியிருக்கும். ஆறுதல் சொல்லத் தெரியாத ஜனங்கள் நாங்கள். அந்தப் பாத்திரம்தான் எங்கள் ஆறுதல்.

இங்கே என்ன நடந்தது? செய்தி சொன்னதும் மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். நாத்தனார் ஓரலியா என்னைக் கட்டிப்பிடித்தாள். என் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே, "ஐயோ பாவமே அண்ணி," என்றாள். அதே மூச்சில், "ஞாயித்துக்கிழமை விசேஷத்துக்கு உங்க வீட்டு நாற்காலி பன்னெண்டும் வேணுமே," என்றாள்.

அவளுடைய பேரனுக்கு ஞானஸ்நானம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். என் அம்மாவைப் புதைத்த மறுநாள், என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தோரணம் கட்டிப் பாட்டுப் போடப் போகிறார்கள். தள்ளிப்போடக் கூடாதா என்று என் கணவன் எஃப்ராயினிடம் கேட்டேன்.

"எப்படி கோனி? பன்றியை அறுத்தாச்சு. பாதிரியார்கிட்ட தேதி வாங்கவே மூணு மாசம் ஆச்சு. அதுவுமில்லாம..."

"அதுவுமில்லாம?"

"இங்க யாருக்கும் அவங்களைத் தெரியாதே."

தெரியாதாம். பத்தொன்பது வருடத்துக்கு முன் வந்து எட்டு நாள் இந்த வீட்டில் இருந்தவள். இருபத்து மூன்று கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டு ஆட்கள் ஒவ்வொருவருக்கும் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியவள். இந்த வெயில் ஊரில் அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு அவளைத் தெரியாதாம்.

எனக்கு யாரும் ஹாட்டிஷ் கொண்டுவரப் போவதில்லை என்பது தெளிவாகிவிட்டது. சரி, நானே செய்துகொள்கிறேன் என்று இறங்கிவிட்டேன். உறையவைத்த உருண்டைகள் இங்கே கடையில் கிடையாது. கிழங்கைத் துருவி, துணியில் போட்டுப் பிழிந்து, கட்டைவிரல் நுனி அளவுக்கு உருட்டி, ஒவ்வொன்றாகப் பொரித்தேன். சொந்த அம்மாவுக்குத் துக்கச் சாப்பாடு தானே சமைக்கிற பெண் எங்கேயாவது உண்டா? கேட்கவே அசிங்கமாக இருந்தது. வெங்காயம் நறுக்கும்போதாவது கண்ணீர் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சாவுச் செய்தி வந்ததிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை.

எஃப்ராயின் வெள்ளைச் சட்டையில் வந்து எட்டிப் பார்த்தான். கறி கிளறுகிற பொறுப்பு அவனுக்கு.

"என்ன செய்யற?"

"எங்கம்மாவுக்கு சாவுச் சோறு ஆக்கறேன். ரெண்டு மணிக்கு வந்து இந்த மேசையில என்னோட உக்காரு. ஒரு தட்டு சாப்பிடு. பத்து நிமிஷம். வேற எதையும் நான் கேக்கல."

"வரேன். கண்டிப்பா வரேன்," என்றான். முகத்தில் அவமானம் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹாட்டிஷை வெளியே எடுத்து மேசையில் ஆறவைத்தேன். இரண்டு தட்டு, இரண்டு முள்கரண்டி, இரண்டு தம்ளர் பால் வைத்தேன். அந்த நேரம் பார்த்து டுவேன் கூப்பிட்டான். கீழே சிக்னல் சரியாக வராது, மாடிக்குப் போனேன். அவனும் அதிகம் பேசவில்லை. "ஃப்ரிட்ஜ் மூட முடியல கோனி, அவ்வளவு சாப்பாடு கொடுத்திருக்காங்க," என்றான். நான் கீழே இறங்கி வந்தபோது தட்டுகள் இருந்தன, பால் இருந்தது. ஹாட்டிஷ் இல்லை.

முற்றத்துக்கு ஓடினேன். நீள மேசையின் நடுவில், பன்றிக்கறிக்கும் சோற்றுக்கும் இடையில், என் கண்ணாடிப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது. முக்கால்வாசி காலி. அறுபது பேர். ஆளாளுக்கு அதில் கொஞ்சம் அள்ளிச் சோள ரொட்டியில் வைத்து, பச்சை மிளகாய்ச் சட்னி ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுருட்டிச் சுருட்டி வாயில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மாமியாரின் தம்பி ஹெர்மிலோ மாமா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"கோனி! இது நீ பண்ணினதா? பரவால்லயே! கொஞ்சம் சப்புன்னு இருக்கு, ஆனா வயித்துல நல்லா நிக்குது!"

எஃப்ராயின் மேசைக்கு முதுகைக் காட்டி நின்று அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தான். ஒன்றும் அவனுக்குத் தெரியாது.

"கீழ வைங்க!" என்று கத்தினேன். இவ்வளவு வருடங்களில் அந்த முற்றத்தில் நான் கத்தியதே இல்லை. "அது எங்கம்மாவோட சாவுச் சோறு! எல்லாரும் கீழ வைங்க!"

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். குழந்தையின் அம்மா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஓரலியா முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, மேசை மேல இருந்துச்சு... விசேஷத்துக்குத்தான் செஞ்சிருக்கீங்கன்னு நெனச்சு நான்தான் எடுத்துட்டு வந்தேன்," என்றாள். எஃப்ராயின் துடுப்போடு திரும்பி நின்றான்.

மாமியார் வாயிலிருந்ததை அவசரமில்லாமல் மென்று விழுங்கினார்.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"புதன்கிழமையே சொன்னேன் அத்தை!"

"செத்துட்டாங்கன்னு சொன்ன. வீட்டுக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டியா? உன் மாமனார் போனப்ப ஒன்பது நாளும் இங்க ஜெபமாலை சொன்னோம், வந்தவங்களுக்கெல்லாம் சோறு போட்டோம். நீயும்தான் நின்னு ஆக்கின. அப்ப என்ன சொன்ன? எங்க சபையில செத்தவங்களுக்காக ஜெபம் பண்றது கிடையாது, போனவங்க போனவங்கதான்னு சொன்ன. எல்லார் முன்னாடியும் சொன்ன. சரி, அவ வழக்கம் அதுன்னு நான் வாயை மூடிக்கிட்டேன்."

சொன்னது உண்மைதான். ஒன்பது நாள் நின்று காபி போட்ட அலுப்பில், கால் வலியில் சொன்னது. அதை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து இன்றைக்கு என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.

மாமியார் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். ஹெர்மிலோ மாமா கடைசி உருண்டையை ரகசியமாக வாயில் போட்டுக்கொண்டார்.

"எங்க ஊர்ல சாவு வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டவன் துக்கத்துக்கு வந்தவன்," என்றார் மாமியார். "நாங்க சாப்பிட்டாச்சு. தெரியாமத்தான் சாப்பிட்டோம், ஆனா சாப்பிட்டாச்சு. உங்கம்மா முழுப் பேர் என்ன?"

"எதுக்கு?"

"பேரைச் சொல்லும்மா."

"ஆர்டிஸ் யூனிஸ் லின்ட்க்விஸ்ட்."

அவர் கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். நாற்காலிகள் நகர்ந்தன. தோரணத்துக்குக் கீழே, எண்ணெய்க் கையோடு, அறுபது பேரும் என் லூத்தரன் அம்மாவுக்காக மரியாளிடம் வேண்டினார்கள். அம்மா கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் மாமியார், "இன்னைக்கு முதல் நாள். இன்னும் எட்டு இருக்கு," என்று அறிவித்தார்.

"நாளைக்கும் இதே நேரத்துக்குத்தானே?" என்றார் ஹெர்மிலோ மாமா. "கொஞ்சம் மிளகாய் போடும்மா."

"நான் ஆக்க மாட்டேன்!" என்றேன். "துக்கமும் எனக்கு, சமையலும் எனக்கா? என்ன நியாயம் இது?"

"பின்ன யாரு ஆக்குவா?" என்று கேட்டார் மாமியார். "செத்தது உன் அம்மா."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஓரலியா ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு வந்தாள். நான் கூப்பிடவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல் கீழே உட்கார்ந்து தோல் சீவ ஆரம்பித்தாள். ஐந்தாவது கிழங்கில் அழத் தொடங்கினாள். மூக்கு ஒழுக, வாய் கோண, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் எட்டு நாள் பார்த்த ஒருத்திக்காக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவுக்கு அழ இவள் யார்? எனக்கே இன்னும் வராதபோது?

"அழறதுன்னா உங்க வீட்ல போய் அழு," என்றேன்.

"மாட்டேன் அண்ணி," என்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். "அறுபது பேருக்கு எத்தனை கிலோ வேணும்? உங்கம்மா எவ்வளவு போடுவாங்க?"

என் அம்மா ஆறு பேருக்கு மேல் சமைத்ததே இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், வந்தது அழுகை. ஓரலியா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் இருந்த மூட்டையை நகர்த்தி, தரையில் எனக்கு இடம் விட்டாள்.